அரபு இலக்கியமும் வரலாறும், கஸீதாவிலிருந்து மேடை நாடகம் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பு வழியாக வாசிப்பவரானாலும் சரி, மத்ரஸாவில் ஓதிய அரபை வைத்துக்கொண்டு மூலத்தைத் திறப்பவரானாலும் சரி, தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் பெயர், பிறகு ஆண்டு, பிறகு அகராதி. அதையெல்லாம் தாண்டி வந்தவர் கேட்பது, "இவ்வளவு பெரிய இலக்கியத்தில் நாடகம் எங்கே போயிற்று?" என்பது. அதே வரிசையில் பதில்கள்.

எதிலிருந்து தொடங்குவது? காலவரிசைப்படி படிக்கலாமா?

வேண்டாம். காலவரிசைப்படி போனால் முதலில் கையில் கிடைப்பது இஸ்லாத்துக்கு முந்தைய முஅல்லகாத் கவிதைகள். அரபிலேயே மிகக் கடினமான சொற்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒட்டகத்தின் நடைக்கு மட்டும் பல சொற்கள் வரும். பத்தாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

ஜாஹிழ் (868-69இல் மறைந்தார்) எழுதிய 'அல்-புகலா', அதாவது கஞ்சர்கள், நல்ல தொடக்கம். சிறு சிறு துணுக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர். அடுத்து மகாமா என்னும் இயைபு நடைக் கதை வகையில் ஒன்றிரண்டு. அதன்பின் ஒரேயடியாகத் தாவி 20ஆம் நூற்றாண்டின் தவ்ஃபீக் அல்-ஹகீம் நாடகம் ஒன்றைப் படியுங்கள். 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் முதனப்பீயும் முஅல்லகாத்தும் அதற்குப் பிறகு. நவீன நாடகம் மட்டும் போதும் என்பவருக்கும் இதே வரிசையைத்தான் சொல்வோம். எகிப்திலும் சிரியாவிலும் நாடகம் எழுதியவர்கள் சரக்கெடுத்த கிடங்கு இந்தப் பழைய நூல்கள்தாம்.

பெயர்கள் ஏன் இத்தனை நீளம்? நூலகத்தில் எந்தப் பகுதியைத் தேடுவது?

ஒரு முழுப் பெயரில் ஐந்து பகுதிகள் வரலாம். பிள்ளையின் பெயரால் தந்தையை அழைக்கும் குன்யா (அபூ…), பிறந்தபோது வைத்த இஸ்மு, தந்தை வழியைச் சொல்லும் நஸபு (இப்னு…), பட்டப்பெயரான லகபு, ஊரையோ குலத்தையோ தொழிலையோ சுட்டும் நிஸ்பா. அபூ உஸ்மான் அம்ரு இப்னு பஹ்ரு அல்-கினானீ அல்-பஸ்ரீ அல்-ஜாஹிழ் என்பதில் அம்ரு இயற்பெயர், பஹ்ரு தந்தை, கினானா குலம், பஸ்ரா ஊர். ஜாஹிழ் என்றால் முட்டைக் கண்ணர். உலகம் அவரை அந்தக் கடைசிச் சொல்லால்தான் அறியும்.

எந்தப் பகுதி நிலைத்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். வரலாற்றாசிரியர்களில் தபரீ நிஸ்பாவால் அறியப்படுகிறார், இப்னு கல்தூன் மூதாதை பெயரால். அட்டவணையில் தேடும்போது 'அல்' என்பதை விட்டுவிட்டு அடுத்த எழுத்தைப் பாருங்கள். 'அப்துல்' என்று ஒரு பெயர் இல்லை. அப்துர் ரஹ்மானை அப்துல் என்று சுருக்கினால் 'அடிமை, இன்னாரின்' என்று பாதியில் நின்றுவிடும். நம் ஊர்ப் பள்ளிப் பதிவேடுகளில் இந்த விபத்து நிறைய.

தபரீயா, அத்-தபரீயா, அல்-தபரீயா?

மூன்றும் ஒருவரே. அரபின் 28 எழுத்துகளில் 14 'சூரிய எழுத்துகள்'. அவற்றுக்கு முன் 'அல்' வந்தால் ல் மறைந்து அடுத்த மெய் இரட்டிக்கும். எழுதுவது அல்-தபரீ, உச்சரிப்பது அத்-தபரீ. தமிழில் வேறொரு குழப்பமும் உண்டு. அரபின் ளாது எழுத்தைத் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக ழ, ள, ல என்று எழுதிவந்தார்கள்; ரமழான், ரமளான், ரமலான் மூன்றும் புழக்கத்தில் உள்ளன. ஆங்கிலம் வழியாக வந்த நூலில் அதே எழுத்து ட அல்லது த ஆகிவிடும். ஒரே ஆளை இருவராக எண்ணிவிடாதீர்கள்.

ஹிஜ்ரி ஆண்டை கி.பி. ஆண்டாக எப்படி மாற்றுவது?

ஹிஜ்ரி ஆண்டை 0.970224ஆல் பெருக்கி 621.57ஐக் கூட்டுங்கள். கிடைப்பது அந்த ஹிஜ்ரி ஆண்டு தொடங்கும் இடம். இப்னு கல்தூன் பிறந்தது ஹிஜ்ரி 732. பெருக்கிக் கூட்டினால் 1331.77. அதாவது 732ஆம் ஆண்டு 1331இன் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. அவர் பிறந்தது ரமழான் முதல் நாள், ஒன்பதாம் மாதம். ஆகவே 1332 மே. மாதம் தெரியாவிட்டால் 1331-32 என்று இரண்டையும் எழுதுவதே நேர்மை.

பலர் 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுவார்கள். மனக்கணக்குக்குப் போதும், ஆனால் ஓராண்டு பிசகும். கண் பார்வையற்ற கவிஞர் அல்-மஅர்ரீ பிறந்த ஹிஜ்ரி 363ஐ இப்படிப் போட்டால் 974 வரும். அவர் பிறந்தது 973 டிசம்பர். வேறுசிலர் 622ஐ மட்டும் கூட்டிவிடுவார்கள். சந்திர ஆண்டு 354 அல்லது 355 நாள்தான் என்பதை மறப்பதால் வரும் தவறு இது; 33 சந்திர ஆண்டு சேர்ந்தால்தான் 32 சூரிய ஆண்டு.

குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் குகைவாசிகள் 'முந்நூறு ஆண்டுகள், மேலும் ஒன்பது' தூங்கியதாக வரும். விரிவுரையாளர்கள் பலர் இதற்குச் சொன்ன விளக்கம் இந்தக் கணக்குதான்: சூரியக் கணக்கில் 300, சந்திரக் கணக்கில் 309. அந்தக் குகைவாசிகள் கீழே நாடகத்தில் மறுபடி வருவார்கள்.

நவீன நூல்களில் மாதப் பெயரிலும் கவனம் தேவை. எகிப்தில் யனாயிர், ஃபிப்ராயிர் என்று ஐரோப்பிய வழி. சிரியா, லெபனான், இராக்கில் கானூன், ஷுபாத், ஆதார், நீஸான் என்று பழைய சிரியாக் மொழி வழி. திஷ்ரீன் என்று மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முதல் திஷ்ரீன் அக்டோபர், இரண்டாம் திஷ்ரீன் நவம்பர்.

அகராதியில் சொல்லைத் தேடினால் கிடைப்பதே இல்லையே?

சொல்லைத் தேடாதீர்கள், வேரைத் தேடுங்கள். கிதாபு, காதிபு, மக்தபு மூன்றும் க-த-ப என்ற ஒரே வேரின் கீழ் இருக்கும். முன்னே ஒட்டிய ம, இடையில் நீண்ட உயிர் ஆகியவற்றைக் களைந்து மூன்று மெய்களை எடுக்க வேண்டும். தமிழுக்கு வந்த சொற்களிலேயே பழகிப் பார்க்கலாம். நகல் ந-க-ல், வக்கீல் வ-க-ல், மகசூல் ஹ-ஸ-ல்.

இரண்டாவது சிக்கல், எல்லா அகராதியும் ஒரே வரிசையில் இல்லை. பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத் 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முதல் அரபு அகராதி தொண்டையில் பிறக்கும் ஐன் எழுத்தில் தொடங்கி உதட்டை நோக்கி வரும். அதனால்தான் அதன் பெயரே 'கிதாபுல் ஐன்'. இப்னு மன்ழூர் 1290இல் முடித்த 'லிஸானுல் அரபு' வேரின் கடைசி எழுத்தால் பிரித்தது. க-த-ப வேண்டுமென்றால் பா அத்தியாயத்தில் காஃப் பகுதிக்குப் போக வேண்டும். கவிஞருக்கு இயைபு தேட வசதி என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். இன்றைய மறுபதிப்புகளில் சில முதலெழுத்து வரிசைக்கு மாற்றி அச்சிட்டவை. வாங்குமுன் எந்த வரிசை என்று திறந்து பாருங்கள்.

கஸீதா என்றால் என்ன? யாப்பு தெரியாமல் படிக்க முடியுமா?

படிக்கலாம், பாதி போய்விடும். கஸீதா என்பது நீண்ட மரபுக் கவிதை. அதன் எல்லா அடிகளும் ஒரே இயைபில் முடியும். தமிழ்க் காது அடியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும். அரபுக் காது அடியின் முடிவில் காத்திருக்கும். கடைசி மெய் லாம் என்றால் லாமிய்யா, மீம் என்றால் மீமிய்யா என்று பாட்டுக்கே பெயர்.

அசை எண்ண ஒரு வழி. குறில் தனியே நின்றால் ஒன்று. நெடிலோ ஒற்றடுத்த எழுத்தோ வந்தால் இரண்டு. முஅல்லகாத் கவிஞர் இம்ருல் கைஸின் புகழ்பெற்ற முதலடியை எடுங்கள்: "கிஃபா நப் / கி மின் திக்ரா / ஹபீபின் / வமன்ஸிலீ". முதல் சீர் கி-ஃபா-நப்: ஒன்று, இரண்டு, இரண்டு. மூன்றாம் சீர் ஹ-பீ-பின் அதே அளவு. இந்த அளவுக்கு ஃபஊலுன் என்று பெயர், இப்படி அமைந்த யாப்புக்கு தவீல் என்று பெயர். கலீல் 15 யாப்புகளை வகுத்தார், அவருக்குப் பின் அக்ஃபஷ் ஒன்றைச் சேர்த்து 16 ஆக்கினார். தமிழின் நேர், நிரையை இங்கே பொருத்தப் பார்த்தால் கணக்கு உடைந்துவிடும். தனிக்குறிலும் நெடிலும் நமக்கு நேரசைதான். அரபில் அந்த இரண்டின் வேறுபாடே யாப்பு.

அந்த அடியின் பொருள்: "இருவரும் நில்லுங்கள், அன்புக்குரியவரையும் அவர் தங்கிய இடத்தையும் நினைத்து அழுவோம்." கைவிடப்பட்ட கூடாரத் தடயம், பிரிவு, கண்ணீர் என்று தொடங்கும் இந்த முதற்பகுதி நஸீபு. பிறகு பாலைப் பயணம், அதன்பின் புகழ்ச்சி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஓதப்படும் புர்தாவை எடுத்துப் பாருங்கள். எகிப்தின் பூஸீரீ 13ஆம் நூற்றாண்டில் நபிகளைப் பாடியது, ஏறத்தாழ 160 அடி, ஒவ்வொன்றும் 'மீ' என்று முடியும் மீமிய்யா. தொடக்கம்? தூ ஸலமில் இருந்த அயலாரை நினைத்தா உன் கண்ணீரில் இரத்தம் கலந்தது என்ற கேள்வி. ஆறு நூற்றாண்டுக்கும் மேல் மூத்த இம்ருல் கைஸின் அதே நஸீபு. ஓதுபவர்களில் பலருக்கு இது தெரியாது.

தபரீயின் வரலாற்றில் ஒரே நிகழ்ச்சி நான்கு விதமாக வருகிறதே, எதை நம்புவது?

அவர் உங்களுக்காக முடிவெடுக்க மாட்டார். தபரீ (839–923) தம் முன்னுரையிலேயே, இந்நூலில் ஏற்க முடியாத செய்தி ஏதாவது தெரிந்தால் அது தம்மிடமிருந்து வந்ததல்ல, சொன்னவர்களிடமிருந்து வந்தது, தாம் கேட்டபடி ஒப்படைக்கிறேன் என்று எழுதிவிட்டார். ஒவ்வொரு செய்திக்கும் முன்னே 'இன்னார் இன்னாரிடம் கேட்டு எங்களுக்குச் சொன்னார்' என்ற சங்கிலி, இஸ்னாது, நிற்கும்.

புதியவர் அதைத் தாண்டிக் குதித்துவிடுவார். தவறு அங்கேதான். சங்கிலியில் நூல் எழுதிய பழைய தொகுப்பாளர் யாரென்று கண்டுபிடியுங்கள். இராக்கின் கூஃபா நகரத்து அபூ மிக்னஃபா (774இல் மறைந்தார்), வாகிதீயா, ஸைஃபு இப்னு உமரா? பெயரைப் பக்க ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் நான்கு கதைகள் இரண்டு வழிகளாகச் சுருங்கும். நபிகளின் பேரர் ஹுஸைன் கொல்லப்பட்ட கர்பலாவை (680) அபூ மிக்னஃபு சொல்வது கூஃபா நகரத்தின் குரலில். அது தெரிந்து படித்தால் எது யாருடைய வருத்தம் என்று புரியும். சங்கிலி சலிப்பூட்டுகிறது என்றால் இப்னுல் அதீர் (1160–1233) எழுதிய 'அல்-காமில்' இருக்கிறது. அவர் இஸ்னாதை நீக்கி, முரணானவற்றை ஒட்டி, ஒரே ஓட்டமாகத் தருவார். வாசிக்கச் சுகம். ஆனால் தையல் எங்கே என்று தெரியாது.

இப்படிச் செய்தியைக் கேட்டு ஒப்படைப்பதற்கு ரிவாயா என்று பெயர். இச்சொல்லை நினைவில் வையுங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் ரிவாயா என்றால் நாடகமாகவும் இருக்கலாம், இன்றைய அரபில் நாவல். பழைய நாளிதழில் 'நேற்றிரவு ரிவாயா' என்று கண்டால் யாரோ நாவல் படித்ததாக எண்ண வேண்டாம்.

ஜாஹிழ் புத்தக அடுக்கு சரிந்து இறந்தாராமே?

பிற்காலக் கதை. அவர் முதுமையில் பக்கவாதத்தால் படுத்திருந்தார் என்பது உறுதி. புத்தகப் பித்தருக்குப் பொருத்தமான சாவு என்று யாரோ கட்டிவிட்டார்கள்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

முகப்பில் தஹ்கீக் என்ற சொல்லும் அதன்கீழ் ஒருவர் பெயரும் இருந்தால், கைப்பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்த பதிப்பு. இல்லாதவை பெரும்பாலும் பழைய அச்சின் நகல், பிழைகளோடு. கெய்ரோவின் 19ஆம் நூற்றாண்டு அச்சுகளில் நடுவே ஒரு நூலும் ஓரத்தில் (ஹாமிஷ்) வேறொரு நூலும் இருக்கும். ஓரத்தில் படித்துவிட்டு நடுவிலுள்ள ஆசிரியர் பெயரால் மேற்கோள் காட்டியவர்கள் உண்டு.

அரிஸ்டாட்டிலையே மொழிபெயர்த்தவர்கள் கிரேக்க நாடகத்தை ஏன் விட்டுவிட்டார்கள்?

இந்தப் பக்கத்துக்கு அதிகம் வரும் கேள்வி. 'உருவம் படைப்பதை மார்க்கம் தடுத்தது' என்பது வழக்கமான பதில். அது போதாது, தோல்பாவைக் கூத்து அதே நகரங்களில் செழித்திருந்தது என்பதைக் கீழே பார்ப்போம்.

பக்தாதில் 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை மொழிபெயர்ப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் கலீஃபாக்கள், அமைச்சர்கள், மருத்துவர்கள். அவர்கள் கேட்டது மருத்துவம், வானியல், கணிதம், தர்க்கம். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) என்ற கிறிஸ்தவ மருத்துவர், பண்டைய கிரேக்க மருத்துவ அறிஞர் காலனின் (Galen) நூல்களில் கிடைத்தவற்றையெல்லாம் தேடி, பல கிரேக்கப் பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரியான பாடத்தைக் கட்டி, அதன்பிறகே சிரியாக்கிலும் அரபிலும் பெயர்த்தார். காலனின் 129 நூல்களுக்கு அவர் எழுதிவைத்த பட்டியல் இன்றும் இருக்கிறது. கிரேக்கக் கவிதையையோ நாடகத்தையோ யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவற்றை மேடையில் ஆடும் வழக்கமும் கிரேக்க உலகிலேயே அற்றுப்போய் வெகுகாலம்.

பிறகு அரிஸ்டாட்டிலின் கவிதையியல் எப்படி வந்தது? தர்க்க நூல் வரிசையில் ஒன்றாக. அலெக்சாந்திரியப் பள்ளி அதைத் தர்க்கத் தொகுதியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அபூ பிஷ்ரு மத்தா (940இல் மறைந்தார்) சிரியாக்கிலிருந்து அரபாக்கினார். அவர் நாடகம் பார்த்ததில்லை. துன்பியலுக்கு மதீஹ், அதாவது புகழ்ப்பா என்றும், இன்பியலுக்கு ஹிஜா, அதாவது வசைப்பா என்றும் போட்டார். அரபுக் கவிதையில் அன்று இருந்த இரு பெரும் கிளைகள் அவை. துன்பியல் உயர்ந்தோரைப் பற்றியது, இன்பியல் தாழ்ந்தோரைப் பற்றியது என்று அரிஸ்டாட்டில் சொன்னதை வைத்துப் பார்த்தால் அந்தத் தேர்வில் ஒரு நியாயமும் இருக்கிறது.

ஸ்பெயினின் கொர்தோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து (1126–1198) அந்த அரபுப் பாடத்தை வைத்தே விரிவுரை எழுதினார், எடுத்துக்காட்டுக்கு அரபுக் கஸீதாக்களைக் கொடுத்தார். மேடை, நடிகர், இசைக்குழு பற்றிய இடங்களெல்லாம் அவர் கையில் வேறு பொருளாயின. இதைச் சொல்லி அவரைச் சிரிப்பவர்கள் அடுத்த கட்டத்தைச் சொல்வதில்லை. 1256இல் ஹெர்மன் என்ற ஜெர்மானியர் தொலேதோவில் இந்த விரிவுரையை இலத்தீனில் பெயர்த்தார். நேராகக் கிரேக்கத்திலிருந்து 1278இல் ஒரு பெயர்ப்பு வந்தும் அதை எடுத்துப் பார்த்தவர் குறைவு. துன்பியல் என்றால் புகழ்ப்பா என்று ஐரோப்பாவும் நெடுநாள் படித்தது.

அப்படியானால் 19ஆம் நூற்றாண்டு வரை அரபில் நாடகமே இல்லையா?

ஐரோப்பியப் பொருளில் மேடை இல்லை. ஆள்மாறாட்டம், வசனம், பார்வையாளர் எல்லாம் இருந்தன.

கெய்ரோவின் இப்னு தானியால் (1248–1310) கண் மருத்துவர். மோசூலில் பிறந்தவர், இளமையில் எகிப்துக்கு வந்தவர். கயாலுள் ழில் என்னும் நிழற்கூத்துக்காக அவர் எழுதிய மூன்று பிரதிகள் எஞ்சியுள்ளன. துணித்திரை, பின்னால் விளக்கு, இடையில் தோலுருவங்கள். நம் தோல்பாவைக்கூத்து பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். முதற் கூத்து சுல்தான் பைபர்ஸ் கெய்ரோவில் மதுவையும் கேளிக்கையையும் ஒழித்த சமயத்தைக் கிண்டலோடு சொல்லித் தொடங்கி, திருந்திக் கல்யாணம் செய்ய நினைக்கும் ஒரு போக்கிரியை ஏமாற்றுக்கார தரகியிடம் மாட்டிவிடும். இரண்டாவதில் கதையே இல்லை. ஒரு சந்தை. பாம்பாட்டி, வைத்தியன், வித்தைக்காரன், யானைப்பாகன், உபதேசி என்று ஒவ்வொருவராக வந்து தம் தொழில் மொழியில் கூவிவிட்டுப் போவார்கள். இடைக்காலத் தெருப் பேச்சைக் கேட்க இதைவிட நல்ல இடம் குறைவு. ஆபாசம் நிறைய, அதனால்தான் நெடுநாள் முழுதாக அச்சாகவில்லை.

மகாமா இன்னொன்று. ஹமதானீ (968–1008) தொடங்கியது, பஸ்ராவின் ஹரீரீ (1054–1122) 50 மகாமாக்களில் உச்சத்துக்குக் கொண்டுபோனது. கதைசொல்லி ஓர் ஊருக்குள் வருவார். வாய்ச் சாமர்த்தியத்தால் கூட்டத்தைக் கரைத்துக் காசு வாங்கும் ஒருவனைக் காண்பார். கடைசியில் அவன் பழைய ஆள் அபூ ஸைது என்று தெரியும். எதுகை மோனை போல இயைபு கொஞ்சும் சஜ்உ நடை. புள்ளியுள்ள எழுத்தே வராமல் ஓர் உரை என்றெல்லாம் ஹரீரீ வித்தை காட்டுவார். மொழிபெயர்ப்பில் இவை ஆவியாகிவிடும், எனவே 'இதிலென்ன இருக்கிறது' என்று தோன்றினால் பிழை ஹரீரீயுடையது அல்ல. 1237இல் வாஸிதீ இதற்கு வரைந்த 99 ஓவியங்களுள்ள பிரதி பாரிஸில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சந்தை, மசூதி, படகு எப்படி இருந்தன என்று அறியப் பலரும் அங்கேதான் போகிறார்கள்.

காப்பிக் கடையில் மேடைமேல் அமர்ந்து அந்தரா, பைபர்ஸ், பனூ ஹிலால் வரலாறுகளை இரவுக்கு இரவு சொன்ன ஹகவாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நவீன நாடகம் இவரைத் திரும்பக் கூப்பிட்டது.

அலாவுதீனும் அலிபாபாவும் 'ஆயிரத்தொரு இரவு'களில் இல்லையாமே?

பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. பிரெஞ்சில் பெயர்த்த காலான் (12 தொகுதிகள், 1704–1717) 1709இல் பாரிஸுக்கு வந்த அலெப்போக்காரர் ஹன்னா தியாப் வாயால் கேட்டு எழுதியவை அவை. அவர் கையில் இருந்த சிரியப் பிரதியில் ஏறத்தாழ 282 இரவுகள்தான். 'ஆயிரம்' என்பது எண்ணிக்கையாக மாறியது பிற்காலத்தில். 10ஆம் நூற்றாண்டுப் புத்தக வணிகர் இப்னுந் நதீம் தம் நூற்பட்டியலில், ஆயிரம் இரவு என்று பெயர் இருந்தாலும் கதைகள் இருநூறுக்குள்தான் என்றும், நூல் மட்டமானது என்றும் எழுதிவைத்தார். கெய்ரோ பூலாக் அச்சகத்தின் 1835 பதிப்புதான் பின்னர் வந்த பெரும்பாலான பதிப்புகளுக்குத் தாய். பழைய பாடம் வேண்டுமென்றால் முஹ்சின் மஹ்தீ 1984இல் வெளியிட்டதைத் தேடுங்கள்.

முதல் அரபு மேடை நாடகம் எது?

பெய்ரூத்தில் வணிகர் மாரூன் அன்-நக்காஷ் (1817–1855) இத்தாலி போய்வந்த பின், 1847இல் தம் வீட்டிலேயே நடத்திய 'அல்-பகீல்' (கஞ்சன்) என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் தூண்டுதல், ஆனால் பெயர்ப்பு அல்ல. பெண் வேடமும் ஆண்களே. தாம் கொண்டுவந்ததை அரபு வார்ப்பில் ஊற்றிய ஃபிரங்கித் தங்கம் என்றார் அவர். அடுத்த நாடகத்துக்கே கதையை 'ஆயிரத்தொரு இரவு'களிலிருந்து எடுத்துக்கொண்டார். இரவல் மேடை, சொந்தக் கதை என்ற பாதை அங்கேயே போடப்பட்டுவிட்டது.

திமிஷ்கில் (டமாஸ்கஸ்) அபூ கலீல் அல்-கப்பானீ பாட்டும் ஆட்டமும் கலந்து நடத்தினார். மார்க்க அறிஞர்களான ஷைகுகள் இஸ்தான்புலுக்குப் புகார் கொண்டுபோக அரங்கு மூடப்பட்டது, அவர் 1884இல் எகிப்துக்குப் போனார். கெய்ரோவில் யஃகூப் ஸன்னூ 1870 முதல் இரண்டாண்டு பேச்சுமொழியில் நகைச்சுவை நாடகங்கள் போட்டார். எகிப்தை ஆண்ட கெதீவ் இஸ்மாயீல் அவரை எகிப்தின் மோலியேர் என்று பாராட்டியவர்தான். ஆனால் பலதார மணத்தைக் கேலி செய்த நாடகத்தில் சிரிப்பு நின்றது, அரங்கும் நின்றது.

மேடையில் எந்த அரபு பேசுவார்கள்?

தமிழிலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் உண்டு, ஆனால் அரபில் இடைவெளி இன்னும் அகலம். 'எனக்கு வேண்டும்' என்பது இலக்கண அரபில் உரீது, கெய்ரோவில் ஆயிஸ். 'இப்போது' என்பதற்குச் சிரியாவில் ஒரு சொல், எகிப்தில் ஒரு சொல், நூலில் வேறு. இலக்கண அரபில் எழுதினால் காய்கறிக்காரர் பிரசங்கம் செய்வதுபோல ஒலிக்கும். பேச்சில் எழுதினால் பக்கத்து நாட்டில் விற்காது.

தவ்ஃபீக் அல்-ஹகீம் (1898–1987) 1956இல் வெளியான 'அஸ்-ஸஃப்கா' (பேரம்) நாடகத்தில் மூன்றாம் மொழி ஒன்றைச் சோதித்தார். இரு வழக்குக்கும் பொதுவான சொற்களை மட்டும் எடுத்தார். ஈற்று உயிர்களைச் சேர்த்து வாசித்தால் இலக்கண அரபு. அவற்றை விழுங்கி, காஃபை கெய்ரோக்காரர் போல மென்று உச்சரித்தால் பேச்சு. ஆர்வத்துக்குரிய சோதனைதான். ஆனால் சொல் தேர்வு குறுகியதால் எல்லாப் பாத்திரமும் ஒரே மாதிரி பேசும்.

அவருடைய 'அஹ்லுல் கஹ்ஃபு' (1933) மேலே சொன்ன குகைவாசிகளின் கதை. 1935இல் எகிப்தின் தேசியக் குழு இதைக் கொண்டுதான் தொடங்கியது. எடுபடவில்லை. பேச்சு மிகுதி, நிகழ்வு குறைவு. மனத்துக்குள் ஆடும் அரங்கு என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். படிக்க எடுத்தால் 'அஸ்-ஸுல்தானுல் ஹாயிர்' (1960) நல்லது. அடிமையாக வாங்கப்பட்டு விடுதலைப் பத்திரம் பெறாமலே சுல்தானான ஒருவர், சட்டப்படி ஏலம் போக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் அடிமைப் படைவீரர்களாயிருந்து உயர்ந்த மம்லூக் அமீர்களை விற்றுக் கருவூலத்தில் பணம் சேர்க்கச் சொன்ன நீதிபதி இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாமின் செய்தி இதன் பின்னே நிற்கிறது. அது தெரியாவிட்டால் நாடகம் வெறும் கற்பனை வேடிக்கையாகத் தெரியும்.

தமிழோடு நேரான தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் அளந்து சொல்ல வேண்டும். இப்னு பதூதா 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியையும் பிறகு மதுரைச் சுல்தானையும் கண்டதைப் பதிவு செய்தார். பயணம் முடிந்தபின் வாயால் சொல்லி இப்னு ஜுஸைய் எழுதிய நூல் அது; மக்கா, திமிஷ்கு வருணனைகளில் முந்தைய பயணி இப்னு ஜுபைரிடமிருந்து எடுத்த பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டுப் பகுதிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. இலக்கியத்தில் கிஸ்ஸா (கதை), முனாஜாத்து (இறைவேண்டல்), மசலா என்ற வகைகள் தமிழுக்கு வந்தன. 1572இல் மதுரையில் அரங்கேறிய 'ஆயிர மசலா' கேள்வி-பதிலாக அமைந்தது. மசலா என்றால் கேள்வி. அடுக்களை மசாலாவின் வேர் வேறு.

இப்னு கல்தூனை எப்படிப் படிப்பது? அவருக்கும் நாடகத்துக்கும் என்ன?

'முகத்திமா' என்றாலே முன்னுரை. ஏழு தொகுதி வரலாற்றுக்கு எழுதிய முன்னுரையை இன்றைய அல்ஜீரியாவின் ஒரு கோட்டையில் ஒதுங்கி, 1377இல் ஐந்து மாதத்தில் முடித்தார். ஆறு அத்தியாயத்தையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். வரலாற்றாசிரியர்கள் ஏன் தவறுகிறார்கள் என்ற தொடக்கப் பகுதியை முதலில் படியுங்கள். மூசாவின் படை ஆறு இலட்சம் என்ற கணக்கை அவர் உடைக்கும் விதம் அழகானது. அத்தனை பேரை நிறுத்த இடம் எங்கே, ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும், அவ்வளவு ஆளுக்குச் சோறு போடும் நாடு எது என்று கேட்பார். பிறகு இரண்டாம், மூன்றாம் அத்தியாயங்கள். அவற்றில் வரும் அஸபிய்யா என்பது குழுவைக் கட்டிவைக்கும் பற்று. இன்றைய பேச்சு அரபில் அச்சொல் வெறி, படபடப்பு என்று ஆகிவிட்டது; அந்தப் பொருளோடு படித்தால் நூல் தலைகீழாகும்.

நாடகத்துக்கு வருவோம். சிரியாவின் ஸஅதுல்லாஹ் வன்னூஸ் (1941–1997) ஹகவாதியைக் காப்பிக் கடையோடு மேடைக்குக் கொண்டுவந்தவர். 'காலத்தின் அரசே, யானை' (1969) என்ற அவருடைய சிறு நாடகத்தில் தொடங்குவது எளிது. அரசரின் யானை குழந்தையை மிதித்துக் கொன்றதென்று முறையிட ஊரே ஒத்திகை பார்த்துப் போகும். அரண்மனையில் வாய் அடைத்துப்போகும். கடைசியில் யானைக்குத் துணை தேடித் தருமாறு கேட்டுவிட்டு வரும். கடைசி ஆண்டுகளில் எழுதிய 'முனம்னமாத் தாரீகிய்யா' (வரலாற்றுச் சிற்றோவியங்கள்) 1400-1401இல் தைமூர் முற்றுகையிட்ட திமிஷ்கைப் பற்றியது. அதில் இப்னு கல்தூன் ஒரு பாத்திரம். நகரம் எரியப்போகும் வேளையில் அறிஞன் யார் பக்கம் என்று மாணவன் அவரைக் கேட்கிறான்.

மூலத்தை அவருடைய தன்வரலாற்றில் பாருங்கள். கோட்டை மதிலிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு அவர் தைமூரிடம் போனார். மக்ரிபு (வட ஆப்பிரிக்க) நாடுகளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார் தைமூர். அவரும் எழுதிக் கொடுத்தார். விடைபெறும்போது உன்னிடம் கோவேறு கழுதை இருக்கிறதா, விற்பாயா என்று தைமூர் கேட்டதையும், அதைக் கொடுத்துவிட்டு வந்ததையும், எகிப்துக்குத் திரும்பியபின் அதற்கான விலை ஆள்வழி வந்து சேர்ந்ததையும், சுல்தானின் அனுமதி கேட்டுக்கொண்ட பிறகே அந்தப் பணத்தைத் தொட்டதையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்.